டேங்க்கின் வாய்வரைக்கும்

அஞ்சலாட்சி தூக்கத்திலும் "ஜீரோ பாத்துக்குங்க" என்று சொல்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். கேலிதானா, மெய்தானா என்று தூங்குகிறவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் நம்பக்கூடியதுதான். முதலியார்பேட்டையில் கடலூர் சாலையோரம் இருக்கிற அந்தப் பெட்ரோல் பங்க்கில், காலையில் புடவைக்கு மேல் நீலச் சட்டையை மாட்டினாள் என்றால் சாயங்காலம்தான் கழற்றுவாள். அதுவரைக்கும் ஒரே வாசகம், ஒரே குழாய், ஒரே நிற்பு. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் பச்சையாகச் சுருண்டு கிடந்தன. சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் பெட்ரோல் வாடை. அவளுக்கு அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான், ஜனங்களின் பேராசை.

புதுச்சேரியில் பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் குறைவு. அது போதாதா? எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்களெல்லாம் வண்டியை உருட்டிக்கொண்டாவது வந்துவிடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் அப்படியில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற சொல்தா பெரியவர்கள் ஸ்கூட்டரில் வந்து, போட்டதைப் போட்டுக்கொண்டு, நன்றிக்கு "மெர்சி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எல்லை தாண்டி வருகிறவனுக்கு மட்டும் டேங்க் நிறைந்தால் போதாது, வாய் தளும்ப வேண்டும். குழாய் தானாக 'டக்'கென்று நின்றுவிடும். அது நிற்பதே போதும் என்று சொல்லத்தான். இவன் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, இடுப்பால் அணைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவான். உள்ளே இருக்கிற காற்று 'குளுக்' என்று வெளியே வரும். "இப்ப ஊத்துக்கா" என்பான். மறுபடி ஆட்டுவான், மறுபடி ஊற்றச் சொல்வான். மூடியின் விளிம்பில் பெட்ரோல் மினுமினுத்தால்தான் அவனுக்கு நெஞ்சு ஆறும்.

இது எத்தனை பெரிய மடத்தனம் என்பது பங்க்கில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். பெட்ரோல் கிடப்பது பூமிக்கு அடியில், புதைத்த தொட்டியில். சித்திரை வெயிலிலும் குழாயைப் பிடித்தால் கைக்குச் சில்லென்று இருக்கும். அந்தக் குளுமையை வாய் தளும்ப ஊற்றி, வண்டியைக் கொண்டுபோய் உச்சி வெயிலில் நிறுத்தினால் என்ன ஆகும்? சூடு ஏற ஏறப் பெட்ரோல் உப்பும். டேங்க் இரும்புதானே, அதுவும் சூட்டில் விரியத்தான் செய்யும். ஆனால் இரும்பு விரிவது பேருக்குத்தான், பெட்ரோல் உப்புவது அதைப்போலப் பல மடங்கு. உள்ளே இடம் இல்லாதது எங்கே போகும்? மூடியில் காற்றுக்கென்று விட்டிருக்கிற ஓட்டை வழியாகக் கசிந்து, டேங்க் மேலே வழிந்து, சீட்டுக்கு அடியில் இறங்கிவிடும். வாட்ஸ்அப்பில் வருகிற மாதிரி வண்டி வெடிப்பதெல்லாம் சும்மா. கசியும், அவ்வளவுதான். ஓட்டிக்கொண்டே போனால் அதுகூட இல்லை, எரிந்து குறைந்துவிடும். போட்ட கையோடு நிறுத்துகிறவனுக்குத்தான் தண்டனை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அஞ்சலாட்சி இதை ஒவ்வொருவருக்கும் சொன்னாள். தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னாள். "ஏன், மிச்சத்த நீ எடுத்துக்கவா?" என்று ஒருத்தன் கேட்டான். இன்னொருத்தன் மேனேஜரைக் கூப்பிட்டான். அத்தோடு அவள் விட்டுவிட்டாள். எக்கேடு கெட்டுப் போங்கள் என்று ஊற்றினாள்.

அப்படி ஊற்றிக்கொண்டு போனவர்களில் ஒருத்தன் அவள் புருஷன்.

சாமிக்கண்ணு அவளைக் கட்டி வெகுநாள் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரி, கோயில், மறுபடி ஆஸ்பத்திரி என்று அலைந்து ஓய்ந்த பிறகு, ஒருநாள் தனக்கொடி என்கிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். அவளுக்கு அப்போதே வயிறு தெரிந்தது. அஞ்சலாட்சி சண்டை போடவில்லை. சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. துணிமணியை எடுத்துக்கொண்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் ரெட்டிச்சாவடியில் இருந்த அந்த வீட்டைவிட்டு வந்து, முதலியார்பேட்டையில் ஒற்றை அறை பிடித்து, பங்க்கில் வேலைக்குச் சேர்ந்தாள். கோர்ட்டு, கேசு எதுவும் இல்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

முடியவில்லை. சாமிக்கண்ணு மீன் வியாபாரி. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, பைக்கின் பின்னால் கட்டிய ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு, ஊர் ஊராக விற்பான். துறைமுகத்துக்குப் போகிற வழியில் பங்க். மீனை ஏற்றிக்கொண்டு வந்து வரிசையில் நின்றால் ஐஸ் உருகும் என்று போகும்போதே பெட்ரோல் போட்டுக்கொள்வான். அத்தனை பம்ப் இருக்க, அவள் நிற்கிற பம்ப்புக்கே வருவான்.

"வெக்கங்கெட்ட ஜென்மம்" என்று பக்கத்து பம்ப்பில் நிற்கிற கலைமகள் அவன் காதில் விழவே சொல்வாள். "வேணும்னுதான் வரான்க்கா. உன்னப் பாத்து நெஞ்ச நிமித்திட்டுப் போறதுக்கு."

இருக்கலாம். அஞ்சலாட்சி அவனிடம் பேசியது மூன்றே சொற்கள். "ஜீரோ பாத்துக்குங்க சார்." சொந்தப் புருஷனை சார் என்று கூப்பிடுவதில் அவளுக்கு ஒரு கசப்பான திருப்தி இருந்தது. "ஃபுல்" என்பான். குழாய் நின்றதும் வண்டியை ஆட்டுவான். அவள் ஊற்றுவாள், ஆட்டுவான், ஊற்றுவாள். துறைமுகத்தில் இவன் வண்டி வெயிலில் காயும், தளும்ப ஊற்றினது மூடி ஓட்டை வழியாகப் போகும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அவன் காசு, அவன் வண்டி. கசியட்டும். அவளுடைய வயிற்றெரிச்சலுக்கு அந்த ஒரு வடிகால்தான் இருந்தது.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் சாமிக்கண்ணு குழந்தையைக் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தான். பின்னால் ஐஸ் பெட்டி. அதனால் குழந்தை முன்னால், டேங்க் மேல். காலை இரண்டு பக்கமும் தொங்கப் போட்டு, கைகளை ஹேண்டிலில் வைத்து, தானே ஓட்டுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். இரட்டை ஜடை, பச்சைப் பாவாடை. மூக்கு அச்சு அசல் சாமிக்கண்ணுவின் மூக்கு. அஞ்சலாட்சி அதையே பார்த்தாள். இந்த மூக்குக்காகத்தானே அத்தனை கோயில் படி ஏறினாள்?

அவன் குழந்தையைத் தூக்கிக் கீழே நிறுத்தி மூடியைத் திறந்தான். குழந்தை பம்ப்பில் ஓடுகிற எண்களை வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஜீரோ பாத்துக்குங்க சார்."

"ஃபுல்."

குழாய் நின்றது. வண்டியை ஆட்டினான். அஞ்சலாட்சி ஊற்றினாள். அவள் கை ஒரு கணம் நின்றதென்னவோ நிஜம். புள்ளை எங்கே உட்காரப் போகிறது, வண்டி எங்கே நிற்கப் போகிறது, இரண்டும் அவளுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். எடுத்த வாயில் தனக்கொடியின் வயிறு வந்து அடைத்துக்கொண்டது. விளிம்பு மினுமினுக்கிற வரைக்கும் ஊற்றி, பழந்துணியால் வாயைத் துடைத்துவிட்டு, அடுத்த வண்டியைக் கூப்பிட்டாள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவனைக் காணவில்லை. அவளுக்கு இராத்திரியில் சோறு இறங்கவில்லை. அக்கினி வெயில், அதனால்தான் என்று கலைமகளிடம் சொன்னாள். கலைமகள் நம்பின மாதிரி இருந்தாள்.

மறுபடி அவன் வந்தபோது குழந்தையும் இருந்தாள். ஆனால் உட்கார்ந்திருந்த விதம் வேறு. பாவாடை இல்லை. பழைய வேட்டித் துண்டு ஒன்றைத் தளர்வாகச் சுற்றியிருந்தார்கள். ஹேண்டிலைப் பிடிக்காமல் அப்பன் நெஞ்சில் சாய்ந்து, காலை அகட்டி வைத்திருந்தாள். இறக்கி நிறுத்தினதும் நேராக நிற்க முடியாமல் கால் பரப்பி நின்றாள். துணி விலகின இடத்தில் அஞ்சலாட்சி பார்த்தாள். இரண்டு தொடையின் உள்பக்கமும் தோல் வழன்று, செக்கச்செவேலென்று, தேங்காய் எண்ணெய் தடவி மின்னியது.

குழாயைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்தாள்.

"இன்னாடி கண்ணு ஆச்சு?"

குழந்தை அப்பனைப் பார்த்தாள். அவன் மூடியைத் திறப்பதில் இருந்தான். "அப்பா மீன் எடுக்கப் போச்சு" என்றாள் மெதுவாக. "பொட்டியப் பாத்துக்க, வண்டிய வுட்டு எறங்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. அப்ப ஈரமாயிடுச்சு. எரிஞ்சிச்சு."

"அப்பாகிட்ட சொல்லலியா?"

"ஒன்னுக்குப் போயிட்டேன்னு நெனச்சேன். சொன்னா அடிக்கும்." குரல் இன்னும் இறங்கியது. "வூட்டுக்குப் போறவரைக்கும் சொல்லவேயில்ல."

பெட்ரோலில் நனைந்த துணியோடு, வெயிலில், அசையாமல், பயந்துகொண்டு. அஞ்சலாட்சி ஊற்றின பெட்ரோல். அவள் வாயைத் துடைத்து அனுப்பின பெட்ரோல். பாவி, பாவி என்று தன்னைத்தானே உள்ளுக்குள் வைதுகொண்டாள். தனக்கொடியைப் பழிவாங்க ஒரு புள்ளைத் தொடைதானா கிடைத்தது?

"ஃபுல்" என்றான் சாமிக்கண்ணு.

ஊற்றினாள். 'டக்'கென்று குழாய் நின்றது. அதை எடுத்துப் பம்ப்பில் மாட்டினாள்.

அவன் வண்டியை ஆட்ட ஆரம்பித்திருந்தான். ஆட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தான். "இன்னா மாட்டிட்ட? ஊத்து."

"அவ்ளோதான்."

"இன்னா அவ்ளோதான்? இன்னும் எடம் கீது பாரு."

"அந்த எடம் இருக்கணும்யா." சார் போய், பழைய யா வந்துவிட்டதை அவளே அப்புறம்தான் கவனித்தாள். "வெயில்ல உப்பிச்சுன்னா அதுக்குப் போக எடம் வேணும். இல்லன்னா வெளிய வரும். புள்ள காலப் பாத்தியா? அது இன்னான்னு நெனச்ச?"

"வேர்க்குருன்னு நெனச்சேன். பெட்ரோல் பட்டு எரிச்சலாயிடுச்சின்னு அவ ஆத்தா சொல்றா. மூடி லூசு. வாஷர் மாத்தணும்."

"வாஷர் மாத்தினாலும் வரும். வாய் வரைக்கும் ஊத்தினா வரத்தான் வரும்."

பின்னால் வரிசையில் ஹாரன் அடித்தார்கள். சாமிக்கண்ணு குரலை உயர்த்தினான். அதற்கென்றே காத்திருந்தது போல மேனேஜர் ஆந்தனி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் வெயிலில் நடப்பது அவருக்குப் பிடிக்காது, நடக்க வைத்தவர்களையும் பிடிக்காது. போன மாசம் கஸ்டமரிடம் வாயாடினதற்காக ஒருத்தியை நின்ற நிலையில் அனுப்பிவிட்டார்.

"என்னம்மா தகராறு? கேக்கறாரில்ல? ஊத்திட்டு அனுப்பு."

"ஊத்த மாட்டேன் சார்."

ஆந்தனி அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. "போர்டு நீங்கதான சார் மாட்டியிருக்கீங்க" என்றாள் அவள். "வெயில் காலத்துல முழுசா நெரப்பாதீங்கன்னு. அந்தப் புள்ள காலு வெந்து போயிருக்கு. நான் ஊத்தினதுலதான் வெந்துச்சு. இனிமே இந்த வண்டிக்கு இதுக்கு மேல ஊத்த மாட்டேன். வேலைய வுட்டு நிறுத்தறதுன்னா நிறுத்திக்குங்க."

ஆந்தனி குழந்தையின் காலைப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சீக்கிரம் முடி, கியூ நிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாமிக்கண்ணு விடவில்லை. மானப் பிரச்சினை ஆகிவிட்டதே. "இத்தினி நாளா ஊத்துன இல்ல?" என்றான். "தளும்பத் தளும்ப ஊத்துனியே, அப்ப வராத அக்கற இப்ப மட்டும் எங்கேந்து வந்துச்சு? தெரிஞ்சவதான நீ? அன்னிக்கே வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதான?"

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. வரிசையில் நின்றவர்களும், கலைமகளும், குழந்தையும் அவளையே பார்த்தார்கள்.

"சொல்லியிருக்கணும்" என்றாள் அஞ்சலாட்சி. "சொல்லல. உன் மேல அவ்ளோ கோவம் எனக்கு. தப்புதான்."

அதற்கு மேல் அவளிடம் சண்டை இல்லை. இருந்த தெம்பெல்லாம் அந்த ஒரு பேச்சில் தீர்ந்துவிட்டது. சாமிக்கண்ணு வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைசியில் இருந்த பம்ப்புக்குப் போனான். அங்கே நிற்கிறவனுக்கு எதுவும் காதில் விழுந்திருக்கவில்லை. சாமிக்கண்ணு ஆட்ட ஆட்ட, விளிம்பு மினுமினுக்க ஊற்றிக் கொடுத்தான். அஞ்சலாட்சிக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

ஆனால் குழந்தை இவள் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். சாமிக்கண்ணு திரும்பி வந்து தூக்கப் போனபோது அஞ்சலாட்சி குறுக்கே கையை நீட்டினாள்.

"புள்ள இங்கயே இருக்கட்டும். ஏலம் முடிச்சுட்டு வந்து இட்டுனு போ."

"அவ ஆத்தா கேட்டா?"

"எங்கிட்ட வுட்டேன்னு சொல்லு."

அவன் அவளையும் குழந்தையின் காலையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவள் பம்ப்புக்குப் பக்கத்தில், தூண் நிழலில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் உண்டு. கூட்டம் இல்லாத நேரத்தில் அஞ்சலாட்சி கொஞ்சம் காலாற உட்காருவது அதில்தான். அதில் குழந்தையை உட்கார வைத்து, காத்துப் படட்டும் என்று துணியைத் தளர்த்திவிட்டாள். தன்னுடைய தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தாள். காலைப் பலகாரத்தில் மிச்சம் வைத்திருந்த இட்லியைக் கொடுத்தாள். குழந்தை அதை ஒரு துணுக்கு விடாமல் தின்றுவிட்டு, ஒவ்வொரு வண்டி வரும்போதும் அவளுக்கு முந்தி "ஜீரோ பாத்துக்குங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள். கலைமகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உட்கார இடமில்லாமல் அஞ்சலாட்சியின் கால் விண்விண்ணென்று தெறித்தது. அன்றைக்குத்தான் வண்டிக்கும் பஞ்சமில்லை.

வெயில் உச்சிக்கு ஏறின பிறகு சாமிக்கண்ணு வந்தான். ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினான். டேங்க்கின் மூடியிலிருந்து சீட்டுவரைக்கும் தூசியை அரித்துக்கொண்டு ஈரக்கோடு ஒன்று இறங்கியிருந்தது. சீட்டின் முன்பக்கம், குழந்தை உட்காருகிற இடத்தில், கறுத்து நனைந்திருந்தது.

"வாஷர் மாத்திட்டேன்" என்றான். துறைமுகத்திலேயே மெக்கானிக் ஒருத்தன் இருக்கிறானாம். "புது வாஷரு. அப்படியும் வருது."

அஞ்சலாட்சிக்குச் சொல்லிக்காட்ட நினைத்தால் நிறைய இருந்தது, ஆனால் அலுப்பாக இருந்தது. பழந்துணியை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கி, டேங்க்கையும் சீட்டையும் துடைத்தான். அவள் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். மறுபடி துடைத்தான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் தன் துவாலையை நான்காக மடித்து டேங்க் மேல் போட்டாள்.

"லீவு முடியறவரைக்கும் போம்போது இங்க வுட்டுட்டுப் போ" என்றாள். "துறைமுகத்துல வெயில்ல ஒக்கார வைக்காத."

அவன் சரியென்று தலையை ஆட்டினான்.

அவள் குழந்தையைத் தூக்கித் துவாலை மேல் உட்கார வைத்தாள். தொடை உரசாமல் காலைப் பார்த்து வைத்தாள். குழந்தை ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வரேன் பெரிம்மா" என்றாள்.

அஞ்சலாட்சியின் கை அந்தச் சின்ன முட்டியிலேயே நின்றுவிட்டது. சாமிக்கண்ணு சட்டென்று சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"யாரு சொன்னா உனக்கு? பெரிம்மான்னு?"

"அம்மாதான். தெனம் அப்பாகிட்ட சொல்லும். பெரிம்மா நிக்கிற பம்புலயே போடு, வேற எங்கயும் போடாத, அவுங்க நமக்குக் கெடுதல் பண்ண மாட்டாங்கன்னு."

வண்டி கிளம்பிப் போய்விட்டது. கடலூர் சாலையில் அது பஸ்ஸுக்குப் பின்னால் மறைகிறவரைக்கும் அவள் பார்த்தாள். கெடுதல் பண்ண மாட்டாங்க. அப்படியா சொன்னாள் அவள், அந்தத் தனக்கொடி? தெரியாமல் சொல்லியிருக்கிறாள், பாவம். கண்ணீர் வந்தது. நீலச் சட்டையின் கையால் துடைத்தாள், அதிலிருந்த பெட்ரோல் பட்டு இன்னும் எரிந்தது.

"அக்கா, தூங்கிட்டியா? ஃபுல் போடு."

தமிழ்நாட்டு நம்பர் வண்டி. முன்னால் டேங்க் மேல் யாரும் இல்லை. "ஜீரோ பாத்துக்குங்க" என்றாள். குழாய் நின்றதும் அவன் வண்டியை இடுப்பில் சாய்த்து ஆட்டத் தொடங்கினான்.

"வேணாம் சார், வெயிலு" என்றாள் அஞ்சலாட்சி. "கொஞ்சம் எடம் இருக்கட்டும். சூட்டுல உப்பி வெளிய வந்துரும். வூட்டுல புள்ளைங்க வண்டி மேல ஏறுங்கல்ல."

"மிச்சத்த நீ எடுத்துக்கவா?" என்றான் அவன்.

அவள் குழாயை மாட்டினாள். மூடியைத் தன் கையாலேயே எடுத்து மூடினாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். அடுத்த வண்டி வந்து நின்றது. அந்த வண்டிக்காரனுக்கும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.